ட்வார்ஃபைக் கூட்டிப் போகவா, வீட்டில் விடவா? ஹீரோஸ் 3-ல் வேகக் கணக்கு

பெங்களூரில் தமிழ் நண்பர்கள் கூடி ஹாட்சீட் ஆடும் வீடுகளில் ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1999-ல் வந்த, முறை வைத்து ஆடும் கம்ப்யூட்டர் வியூக ஆட்டம்: ஹீரோ படையோடு மேப்பில் சுற்றுவார், எதிரியைச் சந்தித்தால் தனிக் களத்தில் சண்டை. எந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும், ஆபீஸ்காரர்கள் பூட்டி வைத்த லேப்டாப்பைத் தவிர. ஒரே மெஷினை மூன்று பேர் கைமாற்றி ஆடலாம். அல்சூரில் ஆரம்பித்தால் கடைசி மெட்ரோவுக்குள் முடித்தாக வேண்டும் என்பதால் மேப் பெரும்பாலும் எம் (நடுத்தர) அளவுதான். இரண்டாவது வாரம் தொடும்போது யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: "மச்சா, அந்த ட்வார்ஃபை எதுக்குடா இழுத்துக்கிட்டு அலையுற? ஆர்மியே ஸ்லோவா ஆகுதுல்ல?" இன்னொருத்தர், "சண்டைன்னு வந்தா அதுதான்டா சுவர் மாதிரி நிக்கும்" என்பார்.

ட்வார்ஃப் என்பது ராம்பார்ட் நகரத்தின் மெதுவான குள்ள வீரன். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. குழப்பம் எங்கே என்றால், யூனிட் விவரத்தில் ஸ்பீடு என்று ஒரே ஒரு எண்தான் இருக்கிறது, ஆனால் ஆட்டம் அதை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறது. மேப்பில் படையிலேயே மெதுவான யூனிட்டை மட்டும் பார்க்கிறது. சண்டையில் ஒவ்வொரு யூனிட்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது, அதிலும் வேகமான ஒன்றுக்குத் தனி மரியாதை உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே ட்வார்ஃப் சண்டை முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கீழே தரும் எண்கள் எல்லாம் மூல ஆட்டத்துக்கும் ஷேடோ ஆஃப் டெத் வரைக்குமான விரிவாக்கங்களுக்கும் பொருந்துபவை. ஹோட்டா என்று நாம் சொல்லும் ஹார்ன் ஆஃப் தி அபிஸ் என்ற ரசிகர் பதிப்பில் சில எண்களை மாற்றியிருக்கிறார்கள். ஹீரோவின் நடையைக் கூட்டும் லாஜிஸ்டிக்ஸ் ஸ்கில் அங்கே 5, 10, 20 சதவீதம்தான். 2015-ல் வந்த எச்டி எடிஷனை வாங்கியவர்களுக்கு ஒரு தகவல்: அதில் விரிவாக்கங்கள் கிடையாது, அதனால் கான்ஃப்ளக்ஸ் நகரம் பற்றி இங்கே வருவது உங்கள் திரையில் இருக்காது.

மேப்பில்: கடைசி ஆளின் வேகம்

குடும்பத்தோடு நந்தி மலை ஏறினால் பாட்டியின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். படையும் அப்படித்தான். ஹீரோவின் அன்றைய மூவ்மென்ட் பாயிண்டை, காலையில் அவர் படையில் இருக்கும் மிக மெதுவான யூனிட்டின் ஸ்பீடு தீர்மானிக்கிறது. ஸ்பீடு 3 என்றால் 1500. 4-க்கு 1560, 5-க்கு 1630, 6-க்கு 1700, 7-க்கு 1760, 8-க்கு 1830, 9-க்கு 1900, 10-க்கு 1960. 11-ம் அதற்கு மேலும் 2000. அதைத் தாண்டி ஏறாது. ஸ்பீடு 21 உள்ள பீனிக்ஸ் மட்டும் வைத்திருந்தாலும் அதே 2000-தான்.

புல்தரையில் நேராக ஒரு கட்டம் நகர 100 பாயிண்ட், குறுக்காக நகர 141. ஆக, அதிமெதுவான படைக்கும் அதிவேகப் படைக்கும் ஒரு நாளில் 5 கட்டம்தான் வித்தியாசம். எம் அளவு மேப் 72-க்கு 72 கட்டம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போனால் ஒருவருக்கு 5 நாள், மற்றவருக்கு 4 நாள். உண்மையில் யாரும் நேராகப் போவதில்லை, மலையும் ஆறும் சுற்ற வைக்கும். சாலை இருந்தால் கட்டத்துக்கான செலவு குறையும்: மண் சாலை 75, ஜல்லிச் சாலை 65, கல் பாவிய சாலை 50. சதுப்பு நிலத்தில் 175, மணலும் பனியும் 150. சதுப்பில் 1500 பாயிண்டுக்கு 8 கட்டம், 2000-க்கு 11. எனவே வேகத்தை விட வழியும் தரையும் பெரிய விஷயம். சாலையை விட்டுச் சதுப்புக்குள் குறுக்கு வழி தேடுகிறவர் ட்வார்ஃபைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஸ்பீடு ஒரு புள்ளி ஏறினால் மேப்பில் கிடைப்பது 40-லிருந்து 70 பாயிண்ட். அது ஒரு கட்டம் கூட இல்லை. நெக்ரோபோலிஸ் நகரத்தை எடுத்தவர்கள் வாக்கிங் டெட்டை ஸாம்பியாக்கி 3-லிருந்து 4-க்குக் கொண்டுபோவது மேப் வேகத்துக்காக என்றால் வீண் செலவு. ராம்பார்ட்டில் இன்னும் மோசம். ட்வார்ஃபை பேட்டில் ட்வார்ஃப் ஆக்கினால் 3-லிருந்து 5. ஆனால் படையில் டெண்ட்ராய்டு கார்டும் இருந்தால் அது 3-லேயே நிற்கும், ட்வார்ஃபுக்குப் போட்ட பணம் மேப்பில் ஒரு பாயிண்ட் கூடத் தராது. டெண்ட்ராய்டையும் சோல்ஜர் ஆக்கினாலும் 4-தான். அதாவது இரண்டு அப்கிரேடுக்கும் சேர்த்து நாளைக்கு 60 பாயிண்ட். மாறாக இந்த இரண்டையும் ஊரிலேயே விட்டுவிட்டால் மிச்சத்தில் மெதுவானது சென்டாரும் எல்ஃபும், ஸ்பீடு 6, 1700 பாயிண்ட். நாளைக்கு 2 கட்டம், வாரத்துக்கு 14. இது கணக்கில் எடுக்கத்தக்க எண்.

லாஜிஸ்டிக்ஸ் ஸ்கில் இந்த வித்தியாசத்தையும் பெருக்கும். எக்ஸ்பெர்ட் என்ற உச்ச நிலையில் 30 சதவீதம் என்றால் 1500 என்பது 1950 ஆகும், 2000 என்பது 2600 ஆகும். இடைவெளி 500-லிருந்து 650. பூட்ஸ் ஆஃப் ஸ்பீடு அப்படியல்ல, அது நேராக 600 பாயிண்ட் கூட்டித் தரும். அதாவது அந்த ஒரு ஜோடிச் செருப்பு, ஆட்டத்தின் மெதுவான படைக்கும் வேகமான படைக்கும் உள்ள மொத்த இடைவெளியை விடப் பெரியது. மெதுவான யூனிட்டுகளையே நம்பி ஆடும் நகரத்தை எடுத்தவர் வேறு எந்த ஆர்ட்டிஃபாக்டையும் விட இதைத்தான் தேட வேண்டும். மேப்பில் தொழுவம் (ஸ்டேபிள்ஸ்) கண்ணில் பட்டால் வாரத் தொடக்கத்திலேயே எட்டிப் பார்த்துவிடுங்கள். வாரம் முடியும் வரை நாளுக்கு 400 வீதம் கிடைக்கும். 6-ம் நாள் போனால் பாதிக்கு மேல் போச்சு.

காலைக் கணக்கு என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் பழைய ஆட்டக்காரர்களின் தந்திரம் இருக்கிறது. பாயிண்ட் கணக்கிடுவது நாள் பிறக்கும் நேரத்தில் மட்டும். இரவில் மெயின் ஹீரோவிடம் வேகமான யூனிட் மட்டும் இருந்தால் காலையில் முழு 2000. பிறகு பக்கத்தில் நிற்கும் உதவி ஹீரோவிடமிருந்து ட்வார்ஃப், டெண்ட்ராய்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நடந்தால் அன்றைக்கு வேகம் குறையாது. மாலையில் மறுபடி யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும்.

"யாரிடமாவது" என்ற இடத்தில்தான் இது சறுக்கும். இரவு முழுக்க மெதுவான யூனிட்டைத் தூக்கி வைத்திருந்த உதவி ஹீரோவுக்குக் காலையில் 1500-தான். மெயின் ஹீரோ 20 கட்டம் போனால் இவர் 15-லேயே நின்றுவிடுவார், மாலையில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு உதவி ஹீரோக்களை வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றலாம் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள்: முதல் நாள் ஏ 5 கட்டம் பின்தங்குகிறார், பி கூடவே வந்து மாலையில் வாங்கிக்கொள்கிறார். இரண்டாம் நாள் பி-க்கு 1500, அவரும் 5 கட்டம் பின்னால். ஏ-க்கு அன்று 2000 கிடைத்தாலும் நேற்றைய 5 கட்டக் கடன் அப்படியே இருக்கிறது. இரண்டாம் நாள் மாலை மெயின் ஹீரோ தனியாக நிற்பார். ஓர் உதவி ஹீரோவுக்கு ஒருநாள் லாபம், அவ்வளவுதான். ஒரு ஹீரோவை அமர்த்த 2500 தங்கம், மேப்பில் ஒருவருக்கு 8 ஹீரோவுக்கு மேல் முடியாது. எனவே இதைத் தினசரிப் பழக்கமாக வைக்காமல், எதிரியின் தலைநகரத்தை அடிக்கப் போகும் அந்தக் கடைசி இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்லது சங்கிலி. ஹீரோக்களை ஒரு நாள் பயண தூரத்துக்கு ஒருவராக வழியில் நிறுத்தி, படையை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஒரே நாளில் கடத்துவது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பாயிண்ட் தனி. அந்த நடுவழி ஹீரோக்கள் ஒவ்வொருவரிடமும் காலையில் ஒரே ஒரு வேகமான யூனிட் மட்டும் இருக்கட்டும். ஹீரோ கையில் குறைந்தது ஒரு யூனிட்டாவது இருந்தே ஆக வேண்டும், கடைசி ஸ்டாக்கைக் கொடுக்க ஆட்டம் விடாது. அந்த ஒன்று பைக்மேனாக இருப்பதற்குப் பதில் ஒரு பெகாசஸாக இருக்கலாமே. பலர் இதைக் கவனிப்பதில்லை. தபால்காரர் ஹீரோவுக்குக் கையில் கிடைத்த ஒற்றை க்னாலைக் கொடுத்து அனுப்பிவிட்டு ஏன் எட்டவில்லை என்று கேட்பார்கள்.

சண்டையில்: 13 கட்டம்

சண்டைக்களம் 15 கட்ட அகலம், 11 வரிசை. இரண்டு படையும் இரண்டு ஓரத்தில். ஒற்றைக் கட்டத்தில் நிற்கும் யூனிட் நேர் எதிரே நிற்பவரைத் தொட 13 கட்டம் நடக்க வேண்டும். எதிரி நகராமல் நிற்கிறார், வழியில் பாறை இல்லை என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். ஸ்பீடு 3-க்கு 5 ரவுண்டு. 4-க்கு 4. 5-க்கும் 6-க்கும் 3. 7-லிருந்து 12 வரை எல்லோருக்கும் 2. 13-ம் மேலும் என்றால் முதல் ரவுண்டிலேயே கை வைக்கலாம்.

இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நெக்லஸ் ஆஃப் ஸ்விஃப்ட்னஸ் கொடுக்கும் ஒரு புள்ளி, ஸ்பீடு 6 யூனிட்டுக்கு ஒரு முழு ரவுண்டை மிச்சம் பிடிக்கும். அதே ஒரு புள்ளி ஸ்பீடு 8 யூனிட்டுக்கு எதிரியைச் சேரும் நேரத்தில் எந்த மாற்றமும் தராது. யார் முதலில் என்ற வரிசையில் மட்டும்தான் பயன்படலாம். மேப்பில் ஒரு புள்ளிக்கு மதிப்பில்லை என்று மேலே சொன்னதற்கு இது நேர் எதிர். சொந்த மண்ணில் சண்டை போட்டால் ஸ்பீடு, அட்டாக், டிஃபென்ஸ் மூன்றும் ஒவ்வொன்று கூடும். ராம்பார்ட்டின் சொந்த மண்ணான புல்தரையில் சாதா ட்வார்ஃப் 4 ஆகி ஒரு ரவுண்டு முன்னதாகவே சேரும். பேட்டில் ட்வார்ஃப் 6 ஆகும், ஆனால் 5-க்கும் 6-க்கும் அதே 3 ரவுண்டுதான்.

இரண்டு கட்டம் அடைத்து நிற்கும் குதிரை, பறவை, டிராகன் வகைக்கு 13 இல்லை, 12. முன்கால் ஏற்கெனவே ஒரு கட்டம் முன்னால் இருப்பதால். இதனால்தான் ஸ்பீடு 12 உள்ள சில்வர் பெகாசஸ் முதல் ரவுண்டிலேயே நேர் எதிரே இருப்பவரைத் தொடுகிறது, அதே ஸ்பீடு 12 உள்ள ஏஞ்சல் ஒரு கட்டம் குறைந்து நிற்கிறது. டேக்டிக்ஸ் ஸ்கில் இருந்தால் கணக்கே வேறு. எக்ஸ்பெர்ட் டேக்டிக்ஸில் 7 கட்ட அகலத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், தூரம் ஏறக்குறைய பாதியாகும். மெதுவான படைக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்கில் குறைவு. வேகமான படை வைத்திருப்பவர் எடுத்தால் இடம் வீண்.

அடுத்தது மந்திரம். யாருடைய யூனிட்டுக்கு முதல் முறை வருகிறதோ அந்த ஹீரோதான் முதலில் ஸ்பெல் போடுவார். படை முழுக்க வேகமாக இருக்க வேண்டியதில்லை. களத்திலேயே அதிவேகமான ஒரே ஒரு யூனிட் உங்கள் பக்கம் இருந்தால் போதும். நான்கு டிராகனைச் சேர்ப்பதற்கு முன் ஒரு சில்வர் பெகாசஸ் தயாராக இருப்பது இதனால்தான் முக்கியம். வேற்று நகரத்து யூனிட்டைக் கொண்டுவந்து இந்த வேலைக்கு வைத்தால் மொரால் (படையின் மன உறுதி) இடிக்கும்: ஒரே நகரத்துப் படைக்குக் கிடைக்கும் கூடுதல் மொரால் புள்ளி போய்விடும், மூன்று நகரம் கலந்தால் கழியவும் செய்யும். ஒற்றை பீனிக்ஸுக்காக அதைத் தரலாமா என்றால், எதிரில் இருப்பது நல்ல மந்திரக்காரர் என்றால் தரலாம்.

முதலில் போடும் ஸ்பெல் என்ன? ஹேஸ்ட்டா, ஸ்லோவா? இரண்டும் முதல் லெவல் ஸ்பெல், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. ஹேஸ்ட் கூட்டல் கணக்கு: பேசிக்கில் 3, அதற்கு மேல் 5 கூடும். ஸ்லோ சதவீதக் கணக்கு: பேசிக்கில் கால்வாசி, அதற்கு மேல் பாதி குறையும். இரண்டுமே எக்ஸ்பெர்ட்டில் ஒரே வீச்சில் எல்லோருக்கும். கூட்டல் கணக்கு மெதுவானவருக்குத்தான் லாபம். ஸ்பீடு 3 ட்வார்ஃபுக்கு 5 கூடினால் 8, நடை 5 ரவுண்டிலிருந்து 2-க்கு இறங்கும். ஸ்பீடு 16 கோல்டு டிராகனுக்கு 5 கூடி என்ன ஆகப் போகிறது? அதன்மேல் ஹேஸ்ட் ஏறவே ஏறாது, 4-ம் லெவல் வரைக்கும் எந்த ஸ்பெல்லும் அதைத் தொடாது. சதவீதக் கணக்கு வேகமானவருக்குத்தான் நஷ்டம். ஆர்க்ஏஞ்சல் 18-லிருந்து 9 ஆகும், 9 புள்ளி போச்சு. வாக்கிங் டெட் மீது ஸ்லோ போடுவது மந்திர சக்தியான மனாவை ஆற்றில் கரைப்பது.

எனவே பொதுவாக: உங்களிடம் மெதுவானவை அதிகம், எதிரியிடம் வேகமானவை அதிகம் என்றால் ஸ்லோ. இருவருமே மெதுவான படை, உங்களுக்கு நெருங்கிப் போய் அடித்தாக வேண்டும் என்றால் ஹேஸ்ட். என் கட்சி எப்போதும் ஸ்லோதான், அதனால் ஸ்லோவுக்கு உரிய ஸ்கில்லான எர்த் மேஜிக்தான். ஒன்றின்மேல் ஒன்று போட்டால் முந்தையது அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். நீங்கள் ஸ்லோ போட்ட அதே ரவுண்டில் எதிரி எக்ஸ்பெர்ட் ஏர் மேஜிக்கோடு ஹேஸ்ட் போட்டால் உங்கள் ஸ்பெல் வீண், அவர் ஸ்பெல் மிச்சம்.

ஒரு சண்டையைப் பிரித்துப் பார்ப்போம். நீங்கள் ராம்பார்ட்: சில்வர் பெகாசஸ் 12, கிராண்ட் எல்ஃப் 7, பேட்டில் ட்வார்ஃப் 5, டெண்ட்ராய்டு சோல்ஜர் 4. எதிரி இன்ஃபெர்னோ: செர்பெரஸ் 8, ஹார்ன்டு டீமன் 6, மேகாக் 6. மண் இருவருக்கும் சொந்தமில்லை. எக்ஸ்பெர்ட் எர்த் மேஜிக் உங்களிடம் இருக்கிறது. ஸ்லோ இல்லாவிட்டால் செர்பெரஸ் இரண்டாவது ரவுண்டில் உங்கள் எல்ஃப் மேல் பாயும், டீமன் மூன்றாவதில் வந்து சேரும். கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறார்கள்.

முதல் ரவுண்டு, முதல் முறை பெகாசஸுக்கு. மாஸ் ஸ்லோ போடுங்கள். செர்பெரஸ் 4, டீமன் 3, மேகாக் 3. இனி செர்பெரஸ் மூன்றாவது ரவுண்டில், டீமன் ஐந்தாவதில். எதிரியின் படை நடுவே இரண்டு ரவுண்டு இடைவெளி விழுந்துவிட்டது. ஸ்பெல் போட்டதால் பெகாசஸின் முறை தீராது, அதை வெயிட்டில் வையுங்கள், அதாவது அதன் முறையை ரவுண்டு கடைசிக்குத் தள்ளுங்கள். அடுத்து கிராண்ட் எல்ஃப். இங்கேதான் கை பரபரக்கும். இப்போதே அம்பு விட்டால் 10 கட்டத்துக்கு மேல் தூரம், பாதி சேதம்தான். எல்ஃபையும் வெயிட்டில் வையுங்கள். ட்வார்ஃப் ஓரிரு கட்டம் முன்னேறி எல்ஃபுக்கு முன்னால் நிற்கட்டும். செர்பெரஸ் 4 கட்டம் முன்னே வரும். இப்போது அதன் முகம் உங்கள் ஓரத்திலிருந்து 9 கட்டத்தில். வெயிட்டில் இருந்தவர்கள் ரவுண்டு கடைசியில், மெதுவானவர் முதலில் என்ற தலைகீழ் வரிசையில் இறங்குவார்கள்: முதலில் எல்ஃப், இரண்டு அம்பும் முழுச் சேதத்தோடு. பிறகு பெகாசஸ், சும்மா இருக்கட்டும்.

இரண்டாவது ரவுண்டில் எல்ஃப் மறுபடி முழுச் சேதம். செர்பெரஸ் இன்னும் 4 கட்டம் வந்து உங்கள் ட்வார்ஃபுக்கு எட்டும் தூரத்தில் நிற்கும். மூன்றாவது ரவுண்டில் அதற்கு முன் உங்கள் மூவருக்கு முறை. பெகாசஸ் முதலில் கடித்து எதிரடியைத் தான் வாங்கிக்கொள்ளும். எதிரடி ஒரு ரவுண்டுக்கு ஒருமுறைதான். எல்ஃப் அம்பு விடும். ட்வார்ஃப் 5 வேகத்தில் போய் எதிரடி இல்லாமல் முழுக் கூட்டமாக இறங்கும். ஸ்லோ இல்லாதபோது 8-க்கு 5 என்று பின்னால் நின்ற ட்வார்ஃப், இப்போது 4-க்கு 5 என்று முந்திக்கொள்கிறது. ட்வார்ஃபின் வேகத்துக்கு ஒரு பைசா செலவழிக்கவில்லை.

இதில் என்னவெல்லாம் கெடும்? முதலாவது, ஸ்லோ எத்தனை ரவுண்டு நிற்கும் என்பது ஹீரோவின் பவர். பவர் 1 என்றால் ஒரே ரவுண்டு. ராம்பார்ட்டின் ரேஞ்சர் வகை ஹீரோ ஆரம்பிப்பதே பவர் 1, நாலெட்ஜ் 1-ல். நாலெட்ஜ் 1 என்றால் 10 மனா, எர்த் மேஜிக் இருந்தால் ஒரு ஸ்லோவுக்கு 5. இரண்டு தடவை போட்டால் காலி. மேலே சொன்ன சண்டைக்குக் குறைந்தது பவர் 3 வேண்டும். இரண்டாவது, மேகாக். அதன் நெருப்புக் குண்டு விழும் கட்டத்தைச் சுற்றியும் எரிக்கும், எல்ஃபும் ட்வார்ஃபும் ஒட்டி நின்றால் இருவருக்கும் அடி. மேகாக் எண்ணிக்கை பெரிதென்றால் பெகாசஸைக் காக்க வைக்காமல் முதல் ரவுண்டிலேயே அதன்மேல் இறக்குங்கள். ஒட்டி நிற்கும் எதிரி இருந்தால் அதனால் சுட முடியாது. அப்போது எதிரடி வாங்கும் வேலைக்கு ஸ்பீடு 8 உள்ள சென்டார் கேப்டன் ஒன்றிரண்டு போதும். மூன்றாவது, எதிரடி தந்திரம் ராயல் கிரிஃபின் மேல் பலிக்காது. அது எத்தனை பேர் அடித்தாலும் திருப்பி அடிக்கும்.

வெயிட்டைப் பற்றி இன்னும் ஒன்று. களத்தில் அதிவேகமான யூனிட்டை வெயிட்டில் வைத்தால் அது ரவுண்டில் கடைசியாக இறங்கும், அடுத்த ரவுண்டில் முதலாக இறங்கும். நடுவே யாருக்கும் முறை இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு அடி. ஆனால் அது "அதிவேகமானது" என்ற பட்டம் அடுத்த ரவுண்டிலும் இருந்தால்தான். இடையில் எதிரி ஸ்லோ போட்டுவிட்டால் இரண்டாவது அடி போய், நடுக்களத்தில் மாட்டிக்கொண்ட யூனிட்தான் மிச்சம்.

மெதுவானது எதற்கு?

ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் மெதுவான யூனிட்டுக்கு ஈடாக எதைக் கொடுத்தார்கள் என்று விலையைப் பார்த்தால் தெரியும். ட்வார்ஃப் 120 தங்கத்துக்கு 20 உயிர்ப்புள்ளி, புள்ளிக்கு 6 தங்கம். டெண்ட்ராய்டு கார்டு 350-க்கு 55, புள்ளிக்கு 6 தங்கம் சொச்சம். பெகாசஸ் 250-க்கு 30, புள்ளிக்கு 8-க்கு மேல். யூனிகார்ன் 850-க்கு 90, 9-க்கு மேல். மெதுவானது என்றால் மலிவான உயிர். அதோடு ட்வார்ஃபுக்கு மந்திரத்தை உதறும் வாய்ப்பு 20 சதவீதம், பேட்டில் ட்வார்ஃபுக்கு 40. டெண்ட்ராய்டு அடித்தால் எதிரி வேரில் மாட்டி நகர முடியாமல் நிற்பார். வாங்கியவர் அதை ஓட வைத்தால் வாங்கியதன் பயனே போய்விடும். நிற்க வைக்க வேண்டும். களத்தின் மூலைக் கட்டத்தில் ஷூட்டரை வைத்தால் அதைத் தொட இரண்டு அல்லது மூன்று கட்டம்தான் வழி. அவற்றில் ட்வார்ஃபும் டெண்ட்ராய்டும் நின்றால் அடைப்பு முடிந்தது. பறப்பவை தலைக்கு மேலே வரலாம், இறங்கக் கட்டம் இருக்காது.

அதனால் ராம்பார்ட்டில் என் ஏற்பாடு இப்படி: முதல் இரண்டு வாரம் மேப்பைச் சுற்றும் ஹீரோவிடம் சென்டார், எல்ஃப், பெகாசஸ் மட்டும். வழியில் காவல் நிற்பது வாக்கிங் டெட் போல மெதுவானது என்றால் எல்ஃப் மட்டுமே போதும், அது வந்து சேருமுன் நான்கு ரவுண்டு அம்பு விட்டிருக்கலாம். ட்வார்ஃபும் டெண்ட்ராய்டும் ஊரில் சேரட்டும். கோட்டைக்குள் காவலுக்கு அவற்றைவிடச் சரியானது இல்லை, சுவர் இடிந்த இடத்தில் நின்றால் போதும், எங்கும் நடக்க வேண்டியதில்லை. பெரிய சண்டைக்குப் போகும் வாரத்தில் ஒரே தடவையாகச் சங்கிலி போட்டு மொத்தத்தையும் அனுப்புங்கள்.

டவர் நகரத்தில் ஸ்டோன் கோலெம் 3, அயர்ன் கோலெம் 5. இங்கே மற்ற எல்லாமே 5-க்கோ அதற்கு மேலோ வந்துவிடக்கூடியவை, அதனால் கோலெம் அப்கிரேடுக்குக் காசு போடலாம், மாஸ்டர் கிரெம்லினும் 5-தான். காசில் நகரத்தில் பைக்மேன், ஆர்ச்சர் இரண்டும் 4, அப்கிரேடில் 5, 6. கான்ஃப்ளக்ஸ்காரர்களுக்கு எர்த் எலிமெண்டல் 4-லிருந்து மேக்மா 6 என்பது நல்ல பாய்ச்சல். நெக்ரோபோலிஸில் வாக்கிங் டெட்டை யோசிக்காமல் ஊரில் விடலாம். ஆனால் செத்தவர்களை எழுப்பும் நெக்ரோமான்ஸி ஸ்கில்லில் கிடைக்கும் ஸ்கெலிட்டனே 4, அதை விட முடியாது, அதுதான் அந்த நகரத்தின் பலமே. 1560 என்று ஒப்புக்கொண்டு லாஜிஸ்டிக்ஸ் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே ஆட்டத்தை ஓட்டும் திறந்த மூல எஞ்சினான விசிஎம்ஐ-யில் சொந்தமாக யூனிட் செய்து பார்க்கிறவர்களும் நம்மூர்க் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஸ்பீடை மட்டும் கடைசியில் தொடுங்கள். உயிரையும் அட்டாக்கையும் ஒன்றிரண்டு ஏற்றி இறக்கினால் யூனிட் கொஞ்சம் மாறும். ஸ்பீடை 6-லிருந்து 7 ஆக்கினால் ஒரு ரவுண்டு குறைகிறது, 12-லிருந்து 13 ஆக்கினால் முதல் ரவுண்டிலேயே எதிரி ஷூட்டர் மேல் உட்காருகிறது. அதே யூனிட்டை 9-லிருந்து 10 ஆக்கினால் ஆடுகிறவர் கவனிக்கவே மாட்டார். மாற்றியபின் யூனிட்டின் பலத்தைக் குறிக்கும் ஏஐ வேல்யூவையும் ஃபைட் வேல்யூவையும் திருத்தத் தவறாதீர்கள். ரேண்டம் மேப்பில் காவலுக்கு எத்தனை பேர் நிற்பது என்பதை ஏஐ வேல்யூவை வைத்துத்தான் ஆட்டம் முடிவு செய்கிறது. பழைய எண்ணையே விட்டுவிட்டால் முதல் வாரத்திலேயே யாராலும் தாண்ட முடியாத கூட்டம் தங்கச் சுரங்கத்தின் வாசலில் நிற்கும்.